இளைத்தலும் இளைப்பும்: கோலார் தங்கவயலில் இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு

1. முன்னுரை

நோயாளி ஒருவரை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது இடப்பெயர்ச்சி மட்டுமன்று. வீட்டில் ஒரு பெயரால் வழங்கிய துன்பம், மருத்துவமனையின் வாயிலைக் கடந்ததும் வேறொரு பெயரைப் பெறுகிறது. நோயாளி பெயரும்போது நோயின் பெயரும் பெயர்கிறது. இவ்விரண்டாவது பெயர்ப்பு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஆயினும் எவ்வகை மருத்துவம் செய்யப்பட வேண்டும், நோய்க்குப் பொறுப்பாளர் யார், இழப்பீடு உண்டா இல்லையா என்பனவற்றை அதுவே முடிவு செய்யக்கூடும்.

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில், குறிப்பாக மைசூர்ச் சுரங்கம் அமைந்த மாரிகுப்பம் பகுதியில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த இவ்விரு பெயர்ச்சிகளையும் ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களம்

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலார்ப் பகுதியில் தங்கச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிகுப்பத்திற்கு இருப்புப்பாதை வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோருள் தமிழ் பேசும் ஆதிதிராவிடர் பெருந்தொகையினர். தெலுங்கு பேசுவோரும் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருந்தனர். சமஸ்தானத்தின் மொழி கன்னடம். நிர்வாகத்தின் மொழியும் பதிவேட்டின் மொழியும் ஆங்கிலம்.

1956இல் மைசூர் அரசும் 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. நிறுவனத்தின் மருத்துவமனையும் அதனோடு மூடப்பட்டது. ஆகவே, தொழிலாளர் குடும்பங்களின் நோக்கில் ஆஸ்பத்திரி சுரங்கத்தோடு வந்தது, சுரங்கத்தோடு சென்றது.

3. வீட்டில் 'பார்த்தல்'

வீட்டு மருத்துவத்தின் அடிப்படை வினை 'பார்' என்பதாகும். 'வைத்தியம் பார்த்தல்', 'பிரசவம் பார்த்தல்', 'வீட்டில் வைத்துப் பார்த்தல்' ஆகிய தொடர்களில் இவ்வினை கண்ணால் காண்பதைச் சுட்டவில்லை. உடனிருந்து பேணுவதைச் சுட்டுகிறது. மூங்கில் தட்டிகளால் அமைந்த ஓரறைக் குடிசைகளில் இப்பணி பெரும்பாலும் பெண்களுடையது. கஞ்சி வைத்தல், ஒற்றடம் கொடுத்தல், இரவில் விழித்திருத்தல் யாவும் இவ்வொரு வினைக்குள் அடங்கும். 'டாக்டர் பார்த்தார்' என்னும்போதோ அவ்வினை சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனையைக் குறிக்கிறது. 'யார் பார்க்கிறார்கள்?' என்னும் வினாவிற்கு வீட்டில் 'மகள்' என்றும் ஆஸ்பத்திரியில் மருத்துவர் பெயரும் விடையாக வருவது இப்பொருள் பிரிவின் விளைவேயாகும்.

சில நோய்கள் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாதவையாகக் கருதப்பட்டன. அவற்றுள் தலையாயது அம்மை. மாரிகுப்பம் என்னும் ஊர்ப்பெயரின் முற்பகுதியான 'மாரி' தமிழில் மழையையும் அம்மைத் தெய்வத்தையும் குறிக்கும் சொல். 'அம்மை வந்திருக்கிறாள்', 'முத்து போட்டிருக்கிறது', 'அம்மை இறங்கிவிட்டது', 'தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்' என்னும் தொடர்களில் நோய் எழுவாயாகவும் நோயாளி அது தங்கும் இடமாகவும் அமைகின்றனர். வந்த விருந்தை வெளியே கொண்டுசெல்ல இத்தொடர் அமைப்பில் இடமில்லை. வேப்பிலையும் தனித்த அறையும் வருவோர் போவோர் மீதான கட்டுப்பாடும் வீட்டையே நோயில்லமாக ஆக்கின. 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. ஆனால் அச்சொற்றொடர்கள் சின்னம்மைக்கு உரியனவாக இன்றும் வழங்குகின்றன.

4. 'ஆஸ்பத்திரி' என்னும் சொல்

நோயாளி தங்கி மருத்துவம் பெறும் இடம் தமிழகத்திற்குப் புதியதன்று. வீரராசேந்திர சோழனின் (1063-1070) திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய 'ஆதுலசாலை' ஒன்றைக் குறிப்பிடுகிறது. அதில் 15 நோயாளிகளுக்குப் படுக்கை வசதி இருந்தது. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்பவர், மருந்து சேகரிப்போர், பணிவிடை செய்யும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கான நிவந்தங்களும் வரையறுக்கப்பட்டன. எனினும் ஆதுலசாலை என்னும் சொல் வழக்கில் தொடரவில்லை.

வழக்கில் நிலைத்தது ஆஸ்பத்திரி. ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்த இச்சொல் தமிழில் ஆஸ்பத்திரி, மலையாளத்தில் ஆசுபத்ரி, தெலுங்கில் ஆசுபத்ரி, கன்னடத்தில் ஆஸ்பத்ரெ என வழங்குகிறது. இந்தியில் அஸ்பதால் என லகர இறுதி நிற்க, தென்மொழிகள் நான்கும் '-த்ரி/-த்ரெ' இறுதியைக் கொண்டிருப்பது கருதத்தக்கது. இதன் பயன் தங்கவயல் போன்ற பன்மொழிக் களத்தில் வெளிப்படையானது. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் தமக்குள் மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொற்களுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் எழுத்துத் தமிழில் 'மருத்துவமனை' நிலைபெற்றது. இலங்கைத் தமிழில் 'வைத்தியசாலை' நிலைபெற்றது. பேச்சில் ஆஸ்பத்திரியே தொடர்ந்தது.

கட்டடத்தின் பெயர் எளிதில் மொழி கடந்தது. கட்டடத்தினுள் வழங்கிய பெயர்கள் அவ்வாறு கடக்கவில்லை. இவ்விடர்ப்பாட்டை முன்னரே உணர்ந்து செயற்பட்டவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822-1884). மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, இரணவைத்தியம் (1867), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்களை அவர் தமிழாக்கி வெளியிட்டார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவனும் சிந்திக்க வேண்டும் என்பது அம்முயற்சியின் உட்கிடை. தங்கவயலில் மேலை மருத்துவம் வேரூன்றியபோது பதிவேடு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது.

5. சேர்தலும் சேர்த்தலும்

'அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்', 'அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்' என்னும் இரு தொடர்களும் ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கலாம். முன்னது இயங்குவினை, பின்னது இயக்குவினை. பின்னதில் நோயாளி செயப்படுபொருளாகிறார். எழுவாயாக நிற்போர் உறவினராகவும் இருக்கலாம், அதிகாரியாகவும் இருக்கலாம். 'சேர்த்தார்கள்' என்னும் பன்மை முற்று அவர்கள் யார் என்று கூறாமலே வாக்கியத்தை நிறைவு செய்துவிடும்.

கொள்ளைநோய்க் காலங்களில் இவ்வெழுவாய் அதிகாரியாக மாறியது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1898இல் பிளேக் பெங்களூரை எட்டியது. நோயுற்றோரைப் பிரித்து முகாமில் வைத்தல், வீடுகளைக் காலிசெய்தல், தொடர்வண்டிப் பயணிகளைச் சோதித்தல் ஆகியன அக்கால நடைமுறைகள். வீட்டில் 'பார்ப்பதற்கு' அனுமதி மறுக்கப்பட்ட சூழலில் 'சேர்த்தல்' என்பது 'கொண்டுபோதல்' என்றே உணரப்பட்டது இயல்பேயாகும். கொங்கு நாட்டில் பிளேக் மாரியம்மன் வழிபாடு தோன்றியதை, வந்த நோயை மீண்டும் வீட்டுச் சொல்லால் அழைக்கும் முயற்சியாகவும் கொள்ளலாம்.

உடலைப் பதிவுக்குட்படுத்துவது பற்றிய அச்சம் பிறிதொரு வகையிலும் வெளிப்பட்டது. 1930 ஏப்ரலில் தங்கவயல் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்திற்கு உடனடிக் காரணமாக அமைந்தது கைரேகைப் பதிவு முறை. இவ்வரலாற்றை ஜானகி நாயர் தம் நூலில் (1998) விரிவாக ஆராய்ந்துள்ளார். பதிவேட்டில் ஏறிய உடல் தன்னுடையதாக இராது என்னும் ஐயத்தின் பின்னணியிலேயே ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தயக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

6. இளைப்பு, காசம், சிலிக்கோசிஸ்

6.1. தங்கவயலின் தங்கம் பெரும்பாலும் குவார்ட்சுப் பாறையின் நரம்புகளில் உறைந்தது. அப்பாறையைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் சிலிக்காத் தூசியில் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும். அவற்றை விழுங்கும் உயிரணுக்கள் தாமே அழிந்து, அழிவின் தழும்புகள் முடிச்சுகளாக இறுகும். இறுகிய பகுதி மீள்வதில்லை. நோய் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகலாம். வேலையைவிட்டு நீங்கிய பின்னும் அது வளரலாம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். இரண்டிற்கும் இருமலும் மூச்சுத்திணறலும் பொது. எனவே ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் எங்கும் நிகழ்ந்த பிழை.

6.2. வீட்டில் இத்துன்பத்தைக் கூறப் பயன்படும் வினை 'இளை'. இவ்வினைக்கு இரு பொருள்கள் உள: மெலிதல் ஒன்று, மூச்சு வாங்குதல் மற்றொன்று. பேச்சுத் தமிழ் இவ்விரண்டையும் எழுவாயின் வேற்றுமையால் வேறுபடுத்துகிறது.

'அவர் இளைத்துவிட்டார்' - உடல் மெலிந்தார்.
'அவருக்கு இளைக்கிறது' - மூச்சு வாங்குகிறது.

முன்னதில் நோயாளி முதல் வேற்றுமையில் நிற்கிறார்; பின்னதில் நான்காம் வேற்றுமையில் அனுபவிப்பவராக நிற்கிறார். 'இளைப்பு' எனத் தொழிற்பெயராக்கி, வேற்றுமையுருபு ஏற்ற பெயரையும் நீக்கிப் பதிவேட்டின் கட்டத்தில் இட்டால் இவ்வேறுபாடு மறையும். 'இளைப்பும் இருமலும்' என்ற குறிப்பை மொழிபெயர்ப்பவர் மெலிவும் இருமலும் எனக் கொண்டால் அது காசத்தை நோக்கிச் செல்லும். மூச்சுத்திணறலும் இருமலும் எனக் கொண்டால் ஐயம் தூசியை நோக்கித் திரும்பக்கூடும். ஒரு வேற்றுமையுருபின் இழப்பு இங்கு இலக்கணச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

6.3. அண்டை மொழிகளோடு ஒப்பிட்டால் சிக்கல் மேலும் விரியும். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஈளைநோயைக் குறிக்கும் 'உப்பசம்', 'உப்பஸ' ஆகிய சொற்களோடு ஒலியொப்புமை உடைய தமிழ்ச் சொல் இன்றைய பேச்சில் வயிற்று உப்பலைக் குறிக்கிறது. தமிழில் சோர்வைக் குறிக்கும் 'ஆயாசம்' தெலுங்கு நோயாளியின் வாயில் மூச்சிரைப்பைக் குறிப்பதுண்டு. தெலுங்கரும் தமிழரும் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடக்கும் ஒரு கூடத்தில், இரு மொழியும் அறிந்த பணியாளரே இத்தகைய போலி ஒப்புமைகளால் தடுமாற நேரும். அறியாத சொல் கேள்வியை எழுப்பும். அறிந்ததுபோல் தோன்றும் சொல் கேள்வியை அடக்கிவிடும்.

6.4. மூன்று பெயர்களும் மூன்று அறிவு நிலைகளைச் சார்ந்தவை. இளைப்பு என்பது நோயாளி உணர்வதன் பெயர். காசம் அல்லது சயம், 1882இல் ராபர்ட் கோக் நுண்ணுயிரைக் கண்டறிந்தபின், ஒரு கிருமியின் விளைவைச் சுட்டும் பெயராயிற்று. சிலிக்கோசிஸ், 1870இல் இத்தாலியரான விஸ்கோன்டி வழங்கிய பெயர். சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது. இது நோயின் காரணத்தைத் தன்னுள்ளே கொண்ட பெயர். காசம் என்று எழுதினால் காரணம் கிருமி. கிருமியைப் பின்தொடர்ந்து செல்லும் விசாரணை நெருக்கமான குடிசையிலும் ஊட்டமற்ற உணவிலும் போய் நிற்கும். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் காரணம் கல். அது சுரங்கத்தில் போய் நிற்கும்.

6.5. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் சட்ட வரலாறு இதற்கு ஒப்புமையாகும். அங்கு 1911இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் இந்நோயைச் 'சுரங்கத் தொழிலாளர் சயம்' என்றே பெயரிட்டது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பில் 'சிலிக்கோசிஸ்' இடம்பெற்றது. இடையில் 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் பன்னாட்டு மாநாடு கூடியது. 1934இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 42ஆம் உடன்படிக்கை, நுரையீரல் காசத்துடன் கூடியதோ கூடாததோ ஆன சிலிக்கோசிசைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இயலாமைக்கோ சாவுக்கோ சிலிக்கோசிஸ் இன்றியமையாக் காரணமாக இருத்தல் வேண்டும் என நிபந்தனையும் விதித்தது. இழப்பீட்டு வழக்குகளின் சுமை முழுவதும் இந்நிபந்தனைத் தொடரின் மீதே விழுந்தது.

கோலாரில் 1940க்கும் 1946க்கும் இடையில் நடந்த கணக்கெடுப்பில் சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. இந்தியாவில் இந்நோய் பற்றிய ஆய்வுகளில் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படும் எண்ணிக்கை இது. சுரங்கச் சட்டத்தின்கீழ் 1952இல் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. அதாவது, இப்பெயரை எழுதும் மருத்துவருக்கு எழுதியதைத் தெரிவிக்கும் கடமையும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சொல்லான இளைப்புக்கு அத்தகைய சட்ட விளைவு எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரேயும் வேலை வரலாறும் இன்றி இப்பெயரைப் பெற இயலாது. அவையிரண்டும் இருந்த இடம் ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லாத தொழிலாளி மருந்தை மட்டும் இழக்கவில்லை; தன் நோயின் சட்டப் பெயரையும் இழந்தான்.

6.6. இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு வரலாறும் உண்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளரையும் சானட்டோரியத்தில் தங்கியோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஓராண்டுச் சிகிச்சையின் முடிவில் குணமடைவதில் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதும், வீட்டிலுள்ள பிறருக்குத் தொற்றும் இடர் மிகவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவுகள். அதன்பின் காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது. மனித நேயமும் சிக்கனமும் ஒருங்கே கொண்ட இம்மாற்றம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஆனால் சுரங்கத் தொழிலாளிக்கு இதில் ஒரு நுண்ணிய இடர் உண்டு. காசம் என்ற பெயருடன் மாத்திரை பெற்று வீடு திரும்பும் ஒருவரின் நுரையீரலில் கல்தூசியும் இருக்குமாயின், கிருமி நீங்கிய பின்னும் இளைப்பு நீங்காது. அப்போது குறை மருந்தின்மீதோ, மருந்தை ஒழுங்காக உண்ணாத நோயாளியின்மீதோ சுமத்தப்படும்.

7. மீண்டும் வீட்டுக்கு

'டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்', 'வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்' என்னும் தொடர்கள் மருத்துவம் முடிந்ததைக் குறிக்கும் மங்கல வழக்குகள். 2001க்குப் பின் தங்கவயலில் கைவிரித்தது மருத்துவர் அல்லர், மருத்துவமனையே. பல்லாண்டுகள் கழித்து வெளிப்படும் நோய்க்குப் பெயரிடும் இடம், நோய் வெளிப்படுமுன் மறைந்தது. முன்னாள் தொழிலாளியின் குடும்பம் கோலாருக்கோ, மாரிகுப்பத்திலிருந்து தொடர்வண்டியேறிப் பெங்களூருக்கோ செல்ல வேண்டியதாயிற்று. அங்கு மருத்துவரின் வினா கன்னடத்தில் வரலாம். நோயாளியின் விடை தமிழில் அமையலாம். வீடு திரும்பும்போது தரப்படும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கலாம். மூன்று மொழிகளுக்கும் இடையில் நிற்பவர் பெரும்பாலும் உடன்சென்ற மகனோ மகளோதான். வீட்டில் 'பார்த்தவரே' ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராகிறார்.

2021 மே மாதத்தில் கோவிட் இரண்டாம் அலையின்போது, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மூடிக்கிடந்த நிறுவன மருத்துவமனைக் கட்டடம் தன்னார்வலர்களால் தூய்மை செய்யப்பட்டுக் கோவிட் சிகிச்சைக்காகத் திறக்கப்பட்டது. அக்காலத்தில் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பெயர வேண்டிய வேளையை ஒரு சொல் முடிவு செய்யவில்லை. ஓர் எண் முடிவு செய்தது. குருதியின் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழிறங்கினால் வீட்டுத் தனிமை போதாது என்பது அரசின் வழிகாட்டு நெறி. 'மூச்சு வாங்குதா?' என்னும் கேள்வியின் இடத்தை 'எவ்வளவு காட்டுது?' என்னும் கேள்வி பிடித்தது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது அதன் வலிமை. ஆனால் அவ்வெண், அந்நுரையீரல் முன்னர் எங்கு, எத்தனை ஆண்டுகள் மூச்சுவிட்டது என்பதைக் கூறாது. சுரங்கத்தில் உழைத்தவரிடம் குறையும் எண்ணுக்கு ஒரே காரணம்தான் இருக்கும் எனக் கொள்ள இயலாது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன வருமாறு:

அ. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் நோயாளியின் கூற்று வினையிலிருந்து பெயராகச் சுருங்குகிறது. 'அவருக்கு இளைக்கிறது' என்பது 'இளைப்பு' ஆகும்போது அனுபவிப்பவரும் காலமும் வேற்றுமையும் ஒருங்கே நீங்குகின்றன.

ஆ. அச்சுருக்கம் தங்கவயலில் காசத்திற்கும் சிலிக்கோசிசுக்கும் இடையிலான எல்லையை மங்கச்செய்யும் ஆற்றலுடையது. அவ்வெல்லை இழப்பீட்டின் எல்லையுமாகும்.

இ. எனவே மருத்துவ மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் வாக்கியத்தை வாக்கியமாகவே ஒப்படைத்தல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் அதற்குப் பின்னரே வருதல் வேண்டும். அதனோடு, 1700இல் இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி மருத்துவர்க்கு வலியுறுத்திய 'நீர் என்ன வேலை செய்கிறீர்?' என்னும் வினாவையும் அவர் தவறாமல் பெயர்த்துரைத்தல் வேண்டும். 'மைன்சில் வேலை' என்ற விடையோடு நிறுத்தாமல், பாறையைத் துளைத்தவரா, அள்ளியவரா, மேல்தளத்தில் இருந்தவரா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

சுரங்கம் மூடியபின் அவ்விடைகளை அறிந்தோர் தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களுமேயாவர். அவர்களுள் முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஊரின் விளிம்பில் சயனைடு மேடுகள் இன்றும் நிற்கின்றன. காற்றடிக்கும் நாள்களில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் வருகிறது. அதனை முகர்ந்து வாழ்ந்தோர் தம் மூச்சைப் பற்றிக் கூறும் வாக்கியங்கள், எந்த ஆஸ்பத்திரியின் எந்த மொழிப் பதிவேட்டிலேனும் முழு வாக்கியங்களாக எழுதப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் தேவையாகும்.